பச்சை நம்பர் பிளேட்டும் பழைய காலும்

2022 ஆகஸ்ட் மாதம், சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃப் விமானதளத்தில் ஆக்சா காப்பீட்டு நிறுவனம் ஒரு மோதல் சோதனையைச் செய்துகாட்டியது. எலெக்ட்ரிக் கார் ஒன்று கவிழ்ந்து தீப்பற்றி எரிந்தது. படங்கள் நாடு நாடாகப் பரவின. கொஞ்ச நாளிலேயே குட்டு வெளிப்பட்டது. அந்தக் காரின் பேட்டரியை முன்கூட்டியே கழற்றி வைத்துவிட்டு, மத்தாப்பு வேலை செய்து தீ மூட்டியிருந்தார்கள். நிறுவனம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. இந்த அமளியில் எடுபடாமல் போனது, அதே நிறுவனம் தன் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து எடுத்துச் சொன்ன ஒரு கணக்கு. தம் வண்டிக்குத் தாமே சேதம் உண்டாக்கிக்கொள்ளும் மோதல்கள், பெட்ரோல், டீசல் கார் ஓட்டுபவர்களைவிட எலெக்ட்ரிக் கார் ஓட்டுபவர்களிடம் 50 சதவீதம் அதிகம். அதற்கு அந்த நிறுவனம் சொன்ன முக்கியக் காரணம், தேவைக்கு மேல் ஆக்சிலரேட்டரை மிதித்த கால். தீயைப் பார்க்க ஊரே கூடியது. காலை யாரும் பார்க்கவில்லை.

நம் ஊர்ப் பேச்சும் இதே திசையில்தான் போகிறது. பச்சை நம்பர் பிளேட் மாட்டிய எலெக்ட்ரிக் கார் தெருவுக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, “வெடிச்சிடாதே?” என்பதுதான். அந்தக் காருக்கு சார்ஜ் போடும் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பெட்ரோல் காரில் பழகிய கால், இன்ஜின் சத்தத்தைக் கேட்டு ஒதுங்கிப் பழகிய தெரு, இஸ்திரிப் பெட்டியையும் ஏசியையும் மனதில் வைத்துப் போட்ட வீட்டு வயரிங் ஆகிய மூன்றும் அப்படியே இருக்க, வண்டி மட்டும் மாறிவிட்டது. எலெக்ட்ரிக் காரில் நாம் அஞ்ச வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்தப் பொருத்தமின்மையில்தான் இருக்கிறது. பேட்டரியைப் பார்த்துக்கொள்ளப் பொறியாளர்களும் சட்டங்களும் இருக்கின்றன. பழக்கத்தைப் பார்த்துக்கொள்ள வண்டிக்காரரைத் தவிர வேறு ஆளில்லை.

பயத்தின் அளவு

பயம் வெறுங்கற்பனை என்று சொல்வதற்கில்லை. 2022 மார்ச் மாதம் வேலூரில் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பற்றியதில், தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். லித்தியம் பேட்டரியில் ஒரு செல் கட்டுமீறிச் சூடானால், அந்தச் சூடு அடுத்த செல்லைத் தாக்கி, அது அதற்கடுத்ததைத் தாக்கிப் பரவும். அணைந்ததுபோல் தோன்றிய தீ சில மணி நேரம் கழித்து மீண்டும் மூளுவதும் உண்டு. ஒரு பெரிய கார் பேட்டரியைக் குளிர்விக்க 11,000 முதல் 30,000 லிட்டர் தண்ணீர் வரை தேவைப்படலாம் என்று அமெரிக்கக் கார் நிறுவனம் ஒன்று தன் தீயணைப்பு வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே, தீப்பிடித்தால் அது சாதாரணத் தீயாக இருக்காது என்பது உண்மைதான்.

ஆனால், எத்தனை வண்டிகள் தீப்பிடிக்கின்றன? ஸ்வீடன் அரசின் பேரிடர் தடுப்பு முகமை 2022ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்குப்படி, அங்கிருந்த சுமார் 6 லட்சம் எலெக்ட்ரிக், பிளக்-இன் ஹைபிரிட் கார்களில் தீப்பிடித்தவை 23. சுமார் 44 லட்சம் பெட்ரோல், டீசல் கார்களில் தீப்பிடித்தவை ஏறத்தாழ 3,400. விகிதம் பார்த்தால் 20 மடங்கு வித்தியாசம். அங்குள்ள எலெக்ட்ரிக் கார்கள் புதியவை, குளிர்நாட்டுக் கணக்கு நம் வெயிலுக்குப் பொருந்தாது என்று மறுக்கலாம். இரண்டும் நியாயமான மறுப்புகளே. அவற்றுக்காக 20 மடங்கை ஐந்து மடங்காகக் குறைத்துக்கொண்டாலும், பெட்ரோல் காரைவிட எலெக்ட்ரிக் கார் அதிகம் எரியும் என்ற எண்ணம் நிற்காது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. 35 லிட்டர் டேங்க் நிரப்பிக்கொண்டு போகிறவர் 300 யூனிட்டுக்கு மேல் சுமந்து செல்கிறார். நம் சாலைகளில் ஓடும் பல எலெக்ட்ரிக் கார்களின் பேட்டரி 30 முதல் 60 யூனிட். பெட்ரோலோடு நூறாண்டு வாழ்ந்துவிட்டதால் அதன் ஆபத்து கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

தீப்பிடித்தபோதும், சேதத்தின் அளவை மனிதக் கைதான் தீர்மானிக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பின் தரையடி வாகன நிறுத்தத்தில் சும்மா நின்றிருந்த எலெக்ட்ரிக் கார் ஒன்று தீப்பற்றியது. 140 கார்களுக்கு மேல் எரிந்தும் கருகியும் போயின. அந்தத் தீ அவ்வளவு பரவியது ஏன் என்று விசாரித்தபோது, எச்சரிக்கை மணி அடித்ததும் அதைப் பொய் மணி என்று நினைத்து, தண்ணீர் தெளிப்பான் அமைப்பை ஊழியர் ஒருவர் நிறுத்தியிருந்தது தெரியவந்தது. தீயைத் தொடங்கியது பேட்டரி; அதை ஊர்த் தீயாக்கியது, ‘மணி சும்மா அடிக்கும்’ என்ற பழக்கம்.

சுவரில் தொடங்கும் பயணம்

பெட்ரோல் காரின் எரிபொருள் பங்கில் இருக்கும். அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் இருப்பார். எலெக்ட்ரிக் காரின் பங்க், நம் வீட்டுச் சுவர். காரோடு தரும் 15 ஆம்பியர் சார்ஜர் சுமார் 3,000 வாட் இழுக்கும். கீசரும் ஏறத்தாழ அவ்வளவு இழுக்கும்தான். ஆனால் கால் மணி நேரத்தில் அணைத்துவிடுவோம். ஏசியின் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும். காரோ எட்டு, பத்து மணி நேரம் மூச்சுவிடாமல் இழுக்கும். வீட்டில் வேறெந்தச் சாதனமும் வயருக்கு இப்படியொரு சோதனை வைப்பதில்லை. பிளக் பாயின்ட்டின் உள்ளே ஒரு திருகு தளர்ந்து, அந்த இணைப்பில் வெறும் 0.2 ஓம் தடை சேர்ந்தாலே, 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 45 வாட் சூடு பிறக்கும். அது ரேடியோ மெக்கானிக்கின் சாலிடரிங் அயர்ன் தரும் சூடு. பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதை இரவு முழுக்கச் செருகி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. சார்ஜ் ஏறும்போது பிளக் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டாலோ, நிறம் பழுத்தாலோ அன்றே நிறுத்த வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இந்த வேலைக்குப் பிறந்ததே இல்லை. காருக்கென்று போர்டிலிருந்து தனி வயர், தனி எம்சிபி இழுப்பதே முறை. 7 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர். மின்வாரியத்தில் நம் இணைப்புக்குப் பதிவான மின்பளு போதுமா என்று பார்க்காமல் அதை மாட்டக்கூடாது.

அடுத்தது எர்த். பெரும்பாலான கார் சார்ஜர்கள் எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜ் ஏற்ற மறுக்கும். ஓட்டுபவருக்கு அது தொந்தரவாகத் தெரிகிறது. சில எலெக்ட்ரீஷியன்கள் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். பிளக்கின் உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் கட்டிவிடுவார்கள். சார்ஜர் ஏமாந்துபோய் வேலை செய்யும். எலெக்ட்ரிக் கார் விஷயத்தில் நம் நாட்டில் நடக்கும் மிக ஆபத்தான வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும். எங்காவது நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் காரின் உடம்பில் வந்து நிற்கும். மழையில் நனைந்த தரையில் நின்றுகொண்டு கதவைத் திறக்கிறவரைக் காப்பாற்ற அங்கே எதுவும் இருக்காது. எம்சிபி இருக்கிறதே என்று நினைக்கலாம். அது வயரைக் காப்பாற்றும் சாதனம். 16 ஆம்பியர் தாண்டினால்தான் அசையும். ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி. காருக்கு ஏற்ற வகையைச் சார்ஜர் நிறுவனத்திடம் கேட்டுப் போட வேண்டும். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்ன பழைய தலைமுறையின் அறிவுக்கு, இந்தப் புதிய வண்டியால் மறுபடி வேலை வந்திருக்கிறது. சார்ஜ் போடும் இடம், வீட்டிலிருந்து வெளியேறும் ஒரே வாசலை மறிக்காமல் இருக்க வேண்டும் என்பதை வேலூர்த் துயரத்தின் பாடமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

காலும் காதும்

பெட்ரோல் இன்ஜின் தன் முழு இழுவிசையைத் தரச் சுற்றுவேகம் ஏற வேண்டும். அதற்குள் அது உறுமும், அதிரும். அந்தச் சத்தத்தை வைத்தே நம் கால் வேகத்தை அளந்து பழகியிருக்கிறது. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவிசையையும் தருகிறது, அதுவும் சத்தமில்லாமல். காலுக்கும் காதுக்கும் இருந்த பழைய ஒப்பந்தம் அங்கே செல்லாது. இதோடு, ஆக்சிலரேட்டரை விட்டாலே வண்டி தானாக வேகம் குறையும் ரீஜென் வசதியும் சேர்கிறது. ரீஜென்னை உச்சத்தில் வைத்தால், நகரத்தில் பிரேக்கைத் தொடாமலே பெரும்பாலும் ஓட்டிவிடலாம். வசதிதான். ஆனால் நாள் முழுக்க ஒரே பெடலில் இருந்து பழகிய கால், குறுக்கே குழந்தை ஓடிவரும் கணத்தில் எந்தப் பெடலை மிதிக்கும்? பதற்றத்தில் கால் பழகிய இடத்துக்கே போகும். அதனால் புது வண்டியின் முதல் வாரங்களை ஈகோ மோடிலும் மிதமான ரீஜென்னிலும் ஓட்டுவது, வெறும் மைதானத்தில் முழு பிரேக் பிடித்துப் பழகுவது, ஒரே பெடல் வசதிக்குப் படிப்படியாக மாறுவது என்பவற்றைக் கோழைத்தனமாக எண்ண வேண்டாம். காலுக்குப் புதுப் பாடம் நடத்துகிறோம். பின்னால் வருகிறவரையும் நினைக்க வேண்டும். ரீஜென்னால் வேகம் ஓரளவுக்கு மேல் குறைந்தால் பிரேக் விளக்கு எரியும் வகையில் கார்களை அமைக்கிறார்கள். மெல்லக் குறையும்போது எரியாமலும் போகலாம். ஒட்டிக்கொண்டே வரும் பைக்காரருக்கு அது தெரியாது.

வேகத்தின் விலை நம் நாட்டில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த இறப்புகளில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகம் காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. இறந்தவர்களில் 32,000க்கும் மேற்பட்டோர் பாதசாரிகள். இவர்கள் நடுவேதான் சத்தமில்லாத, கனமான, சட்டென்று பாயும் வண்டி ஒன்று இறங்குகிறது. பிரிட்டனில் 2013 முதல் 2017 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, ஓடிய தூரத்துக்கு ஒப்பிட்டால், எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்கள் பாதசாரிகளை மோதும் வாய்ப்பு மற்ற கார்களைப்போல் இரண்டு மடங்கு என்று கண்டது. நகர்ப்புறத்தில் அது இன்னும் கூடுதல். 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புது எலெக்ட்ரிக் கார்களும் குறைந்த வேகத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்பியாக வேண்டும். இந்தியாவிலும் இதைக் கட்டாயமாக்கும் வரைவை மத்திய அரசு 2025 செப்டம்பரில் வெளியிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு ஓட்டுபவர்தான் ஒலி. பள்ளி வாசல், சந்தை, கோயில் வீதி, அடுக்குமாடி நிறுத்துமிடம் என்று கண்ணால் பார்க்காமல் காதால் வழிவிடும் இடங்களில், ‘நான் வருவது இவருக்குத் தெரியாது’ என்ற நினைப்போடுதான் நகர வேண்டும். கண் தெரியாதவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

சத்தமின்மை உள்ளே இருப்பவரையும் ஏமாற்றும். வண்டி ‘ரெடி’ நிலையில் நிற்பதற்கும் அணைந்து நிற்பதற்கும் காதுக்கு வித்தியாசமில்லை. ‘டி’யில் விட்டுவிட்டு இறங்குவதும், குழந்தையை உள்ளே வைத்துவிட்டுக் கடைக்குள் போவதும் இப்படித்தான் நடக்கின்றன. ‘பி’ போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்து, வண்டியை அணைத்து, திரை இருண்டதைக் கண்ணால் பார்த்த பிறகே இறங்குவது என்று ஒரு வரிசையை உடம்புக்குச் சொல்லித்தர வேண்டும். மோதல் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் சோதனையில் பல இந்திய எலெக்ட்ரிக் கார்கள் 5 நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. அடியில் கனம் இருப்பதால் அவை எளிதில் கவிழ்வதுமில்லை. உள்ளே இருப்பவருக்கு இவை நல்ல வண்டிகள். வெளியே இருப்பவருக்கு நல்ல வண்டியாக்குவது ஓட்டுபவர் கையில்.

மலையும் மழையும்

ஊட்டிக்குக் காரில் போகிறவர்கள் ஓட்டலில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு இறங்கத் தயாராவது இயல்பு. பெட்ரோல் காருக்கு டேங்க் நிரப்பும் பழக்கம் அது. இங்கே அந்தப் பழக்கம் ஆபத்தில் விடலாம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். 1,600 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறக்குறைய 8 யூனிட். டயர் உராய்வும் காற்றும் கொஞ்சம் தின்றுவிடும். மீதியை ரீஜென் வாங்கி பேட்டரியில் போட வேண்டும். பேட்டரி நிரம்பியிருந்தால் போட இடமில்லை. ரீஜென் தளர்ந்துவிடும், சில கார்களில் வேலையே செய்யாது. அந்த ஆற்றல் அத்தனையும் பிரேக்கில் சூடாக மாறும். மாறுவதற்கு கியரும் இல்லை. நேற்றுவரை காலை எடுத்தாலே நின்ற வண்டி, முதல் கொண்டை ஊசி வளைவில் நிற்காமல் போகும். மலை உச்சியில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிட்டு, ரீஜென்னை உச்சத்தில் வைத்து இறங்கினால், அதே மலை உங்களுக்குச் சில யூனிட் மின்சாரத்தை இலவசமாகத் தந்து அனுப்பும். கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் கணக்கு இதுவேதான்.

மழையிலும் இதே கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கார்கள் மிதந்ததைப் பார்த்த மக்கள், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். அது சரியான புத்தி; எலெக்ட்ரிக் காருக்கும் அதுவே முதல் மருந்து. ஆனால் ‘ஐபி 67’ என்ற முத்திரை சிலருக்குத் தைரியம் தருகிறது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். அது சோதனைக்கூடத்தின் தெளிந்த நீர். சாக்கடையும் கல்லும் கலந்து ஓடும் வெள்ளம் இல்லை. பெட்ரோல் இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் அது திணறி நின்றுவிடும். அந்த நிற்றலே ஓர் எச்சரிக்கை. மூச்சிழுக்கும் குழாய் இல்லாத எலெக்ட்ரிக் கார் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், வெள்ளம் தூக்கும் வரை. ஓடும் தண்ணீர் ஓரடி உயரம் இருந்தால் சிறிய காரை நகர்த்திவிடும். எந்த மோட்டாராலும் அதைத் தடுக்க முடியாது.

தண்ணீர் வடிந்த பிறகு வருவது இன்னொரு ஆபத்து. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கிய இயன் சூறாவளிக்குப் பின், கடல்நீரில் மூழ்கிய எலெக்ட்ரிக் கார்கள் சில நாள்களும் வாரங்களும் கழித்துத் தீப்பற்றின. பேட்டரிக்குள் புகுந்த உப்பு, மின்சாரத்துக்குக் குறுக்குப் பாதை போட்டுத் தந்ததே காரணம். கடற்கரை நீண்டுகிடக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவோ, சார்ஜ் போடவோ, நீர்பாய்ச்சிக் கழுவவோ கூடாது. வீட்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி, திறந்தவெளியில் நிறுத்தி, சர்வீஸ் சென்டருக்குச் சொல்ல வேண்டும். கயிறு கட்டி இழுத்துப் போவதும் நம் ஊர் வழக்கம். சக்கரம் சுற்றினால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும் என்பதால், சக்கரங்கள் தரையில் படாத லாரியில்தான் ஏற்ற வேண்டும். தெருமுனை மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட வேண்டும். அதில் ஓடுவது 300, 400 வோல்ட். அடியில் சீறல் சத்தமோ, வெண்புகையோ, காரமான ரசாயன வாடையோ வந்தால், பை, செல்போன் எதற்கும் திரும்பாமல் எல்லாரும் இறங்கி விலகி, 112ஐ அழைத்து, ‘எலெக்ட்ரிக் கார்’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

இத்தனையையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவது நியாயமா, தயாரிப்பாளர் பொறுப்பில்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு, அது சட்டமாகவும் ஆகிவருகிறது. 2022 தீ விபத்துகளுக்குப் பிறகு இந்தியா தன் பேட்டரித் தரவிதிகளைக் கடுமையாக்கி, அந்த ஆண்டு டிசம்பரிலும் அடுத்த ஆண்டு மார்ச் இறுதியிலுமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு செல் கட்டுமீறினாலும் பேட்டரி தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடாது என்ற தேசியத் தரத்தைச் சீனா 2026 ஜூலை முதல் கட்டாயமாக்குவதாக அறிவித்தது. பேட்டரி ஆண்டுக்காண்டு பாதுகாப்பாகிக்கொண்டே போகும். அப்படிப் போகப் போக, மிச்சமிருக்கும் விபத்துகளில் நம் பழக்கத்தின் பங்குதான் பெரிதாகும். எவ்வளவு நல்ல தொழிற்சாலையும் நம் வீட்டு எர்த் குழியைத் தோண்டித் தராது. விற்பனையாளர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாவியைக் கொடுத்து மாலை போட்டுப் படமெடுக்கும் அந்த நாளில், ஒரு மணி நேரம் ரீஜென்னும் முழு பிரேக்கும் ஓட்டிக் காட்டட்டும். ‘எச்’ போட்டு வாங்கிய உரிமத்தில் இந்தப் பாடம் இல்லை.

இப்படிச் சொல்லிச் சொல்லியே மக்களைப் பயமுறுத்தி, புகையில்லா வண்டியைத் தடுத்துவிடுவீர்கள் என்பது இன்னொரு மறுப்பு. சமையல் கேஸ் வீட்டுக்குள் வந்த காலத்தை நினைத்துக்கொள்ளலாம். அன்றும் ‘வெடிச்சிடும்’ என்ற பயம் இருந்தது. பயந்தவர்கள் விறகடுப்புக்குத் திரும்பிவிடவில்லை. வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே, ஜன்னலைத் திற, இரவில் ரெகுலேட்டரை மூடு என்று நாலைந்து விதிகளைக் கற்றுக்கொண்டார்கள். இன்று பத்து வயதுப் பிள்ளைக்கும் அவை தெரியும். அதை யாரும் பயம் என்று சொல்வதில்லை, பக்குவம் என்கிறோம். எலெக்ட்ரிக் காருக்கும் அந்தப் பக்குவம் வந்துவிடும். அதுவரை, புது வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் தேர்ந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கார் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய வேலை அது இல்லை.